கெல்ப்பும் அதன் மேல் வாழும் பாக்டீரியாக்களும்: ஓர் எளிய அறிமுகம்

குளிர்ந்த கடல்களின் பாறைக் கரைகளில் வளரும் பெரிய பழுப்புநிறக் கடற்பாசிகளைக் கெல்ப் என்கிறோம். அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை, சிலி, நார்வே, பிரிட்டன், ஜப்பான், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் தென்கரை என்று பல இடங்களில் இவை கடலுக்குள் காடாகவே வளர்ந்து நிற்கின்றன. இவற்றில் மிகப் பெரியது மேக்ரோசிஸ்டிஸ் எனப்படும் ராட்சதக் கெல்ப். 45 மீட்டர் வரை நீளும். சூழல் தோதாக இருந்தால் ஒரே நாளில் அரை மீட்டர்கூட வளர்ந்துவிடும். மீன்கள், நண்டுகள், நத்தைகள், கடல் நீர்நாய்கள் எல்லாம் இந்தக் காட்டை நம்பி வாழ்கின்றன.

கெல்ப் காடு என்றதும் இந்தப் பெரிய உயிர்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காட்டில் எண்ணிக்கையில் மிக அதிகமாக இருப்பவை கண்ணுக்கே தெரியாதவை. கெல்ப்பின் உடம்பு முழுக்கப் பாக்டீரியாக்கள் படர்ந்திருக்கின்றன. பாக்டீரியா என்றாலே நோய் என்று நினைக்கப் பழகிவிட்டோம். அந்த நினைப்பை இங்கே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். கெல்ப்பின் மேல் இருப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குத் தீங்கு செய்வதில்லை, பல உதவியாகவும் இருக்கின்றன. அதே சமயம், இன்றைக்குச் சும்மா இருக்கும் பாக்டீரியா நாளைக்குக் கெல்ப்பையே தின்னத் தொடங்குவதும் உண்டு. எப்போது, ஏன் அப்படி மாறுகிறது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. பதிலின் பெரும்பகுதி பாக்டீரியாவிடம் இல்லை, கெல்ப்பிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

மேற்பரப்புதான் எல்லாம்

கெல்ப் பார்ப்பதற்குச் செடி மாதிரி இருந்தாலும் செடி இல்லை. நிலத்துச் செடிகளும் பச்சைப் பாசிகளும் ஒரு குலம் என்றால், பழுப்புப் பாசிகள் முற்றிலும் வேறு குலம். கடலில் மிதக்கும் ஒரு செல் டயட்டம்கள்தான் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம்.

இந்த வித்தியாசம் வெறும் வகைப்பாட்டுச் சமாசாரம் இல்லை. செடிக்கு வேர் உண்டு. மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். கெல்ப்பின் அடியில் வேர் போலத் தெரிவது பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்றுறுப்பு மட்டுமே. அதன் வேலை பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு தண்டு, தண்டிலிருந்து நீண்ட இலைப்பட்டைகள். நைட்ரஜன், பாஸ்பரஸ், கார்பன் எல்லாம் அந்த இலைப்பட்டைகளின் மேற்பரப்பு வழியாகவே நேராகக் கடலிலிருந்து உள்ளே போகின்றன. கழிவும், உபரிச் சர்க்கரையும், ஆக்சிஜனும் அதே வழியாக வெளியேறுகின்றன.

சரி, அந்த மேற்பரப்பில்தான் பாக்டீரியாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கெல்ப்புக்குள் போவதும் வெளியே வருவதும் அவற்றைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒரு மரத்தின் இலையில் பாக்டீரியா இருப்பதைவிடக் கெல்ப்பின் மேல் பாக்டீரியா இருப்பது ஏன் பெரிய விஷயம் என்பது இதிலிருந்து புரியும்.

யார் யார் இருக்கிறார்கள்

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவை எப்போதும் கெல்ப்பை உரசிக்கொண்டே போகின்றன. அப்படியானால் கெல்ப்பின் மேலும் அதே கூட்டம்தானே ஒட்டியிருக்க வேண்டும்? அப்படி இல்லை. சுற்றியுள்ள நீரில் அதிகம் இருப்பவை கெல்ப்பின் மேல் குறைவாக இருக்கின்றன. நீரில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு அரிதானவை கெல்ப்பின் மேல் கோலோச்சுகின்றன.

கிரானுலோசிகாக்கஸ் என்ற பாக்டீரியா இதற்கு நல்ல உதாரணம். முதலில் அண்டார்க்டிக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். இப்போது பார்த்தால், பசிபிக் கரையின் புல் கெல்ப் (ஆங்கிலத்தில் bull kelp), ராட்சதக் கெல்ப் உட்படப் பல கெல்ப் இனங்களின் மேல் அது திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. அதற்குக் கெல்ப்பின் மேல்தான் வசதி என்று தோன்றுகிறது.

நார்வேக் கரையில் வளரும் லாமினேரியா ஹைப்பர்போரியா என்ற கெல்ப்பில் கதை கொஞ்சம் வேறு. 2010-ல் வெளியான ஆய்வுகளின்படி, கோடை முடியும் சமயத்தில் அதன் மேல் இருக்கும் பாக்டீரியாக்களில் பாதிக்கு மேல் பிளாங்க்டோமைசீட் என்ற ஒரே குழுவைச் சேர்ந்தவை. இவை நிதானமாக வளரும் பாக்டீரியாக்கள். பெரும்பாலான பாக்டீரியாக்கள் போல இரண்டாகப் பிளக்காமல் மொட்டு விட்டுப் பெருகுபவையும் இந்தக் குழுவில் உண்டு. இந்தக் குழுவைச் சேர்ந்த ஒன்றின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, கந்தகம் சேர்ந்த சர்க்கரைகளை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மட்டும் 110 இருந்தன. கெல்ப்பின் உடம்பில் கந்தகம் சேர்ந்த சர்க்கரை நிறைய இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், யார் எங்கே குடியேறுகிறார்கள் என்பது தற்செயல் இல்லை என்று தெரியும்.

ஓர் இலைப்பட்டையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தால்

இந்த உறவைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஒரே ஓர் இலைப்பட்டையை எடுத்து நிதானமாகப் பார்ப்பதுதான். புல் கெல்ப்பை எடுத்துக்கொள்ளலாம். இது ஓராண்டு வாழும் இனம். வசந்த காலத்தில் முளைத்துச் சில மாதங்களில் பத்து, இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து, நீர்மட்டத்தில் ஒரு காற்றுக்குமிழோடு மிதக்கும். அந்தக் குமிழிலிருந்து நீளமான இலைப்பட்டைகள் கொத்தாக விரிந்து கிடக்கும்.

ஒவ்வொரு பட்டையும் நம் விரல் நகம் போல அடியிலிருந்து வளர்கிறது. குமிழை ஒட்டிய பகுதி இப்போதுதான் பிறந்தது. நுனி பல வாரங்கள் பழையது. ஆகவே ஒரே பட்டையில் அடியிலிருந்து நுனிக்குப் போவது என்பது காலத்தில் பின்னோக்கிப் போவது. பாக்டீரியாவை ஆராய்பவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது. ஒரே நாளில் ஒரே பட்டையில் பல இடங்களில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தால் போதும், புதிய தோலில் யார் முதலில் வருகிறார்கள், பிறகு யார் சேர்கிறார்கள் என்ற வரிசை கிடைத்துவிடும்.

வாஷிங்டன் மாநிலக் கரையில் அப்படித்தான் பார்த்தார்கள். அடிப்பகுதி ஏறக்குறையக் காலியாக இருக்கிறது. இருப்பவையும் சில வகைகளே. நுனியை நோக்கிப் போகப் போக வகைகள் கூடுகின்றன, நெரிசலும் கூடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், முதிர்ந்த பகுதியில் கோளங்களும் குச்சிகளும் நீண்ட இழைகளுமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு மெல்லிய படலம் தெரிகிறது. சில பாக்டீரியாக்கள் மேற்பரப்போடு நிற்காமல் கெல்ப்பின் திசுவுக்குள்ளும் நுழைந்திருக்கின்றன.

நார்வேக் கெல்ப்பில் இதே கதையைப் பருவகாலத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். அது பல ஆண்டுகள் வாழும் இனம். குளிர்காலக் கடைசியில் பழைய இலைப்பட்டைக்கு அடியில் புதிதாக ஒன்று வளரத் தொடங்கும். வசந்தத்தில் பழையது கழன்று விழுந்துவிடும். புதிய பட்டை வேகமாக வளரும் மாதங்களில் அதன் மேல் பாக்டீரியா மிகக் குறைவு. வளர்ச்சி நின்றதும் எண்ணிக்கை ஏறி, உச்சத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடியைத் தொடுகிறது. உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பரப்பளவில் ஒரு கோடி உயிர்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வேகமாக வளரும் கெல்ப் தன் தோலைத் தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அடியில் புதியது வர, நுனியில் பழையது அலையில் பிய்ந்து போகிறது. அதோடு அதிகப்படியான பாக்டீரியாவும் போய்விடுகிறது. வளர்ச்சி என்பதே கெல்ப்புக்கு ஒரு சுத்தம். வெப்பமோ சத்துக் குறைவோ வந்து வளர்ச்சி மந்தமானால், அந்தச் சுத்தமும் மந்தமாகிறது. பின்னால் நோயைப் பற்றிப் பேசும்போது இதை மறக்காதீர்கள்.

கெல்ப் கொடுப்பது

கெல்ப் ஒளிச்சேர்க்கையில் தயாரிக்கும் கார்பனை எல்லாம் தனக்கே வைத்துக்கொள்வதில்லை. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்த சர்க்கரையாகவும் கொழகொழப்பாகவும் கடலில் கசிந்துவிடலாம் என்று அளவீடுகள் காட்டுகின்றன. கெல்ப்பைத் தொட்டவர்களுக்கு அந்த வழுவழுப்பு தெரியும். பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. மானிட்டால் போன்ற எளிய சர்க்கரையை அனேகமாக எல்லோராலும் சாப்பிட முடியும். கெல்ப்பின் உடம்பைக் கட்டியிருக்கும் ஆல்ஜினேட், ஃபூகாய்டன் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அப்படி இல்லை. அவற்றைச் சாப்பிடத் தனிக் கருவிகள் வேண்டும்.

ஃபூகாய்டன் எவ்வளவு கடினமான சாப்பாடு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லென்டிமோனாஸ் என்ற கடல் பாக்டீரியா ஃபூகாய்டனை உடைப்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட நொதிகளைப் பயன்படுத்துகிறது என்று 2020-ல் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு வகை உணவுக்கு இத்தனை கருவி! அதனால்தான் ஃபூகாய்டன் சீக்கிரம் அழிவதில்லை. கெல்ப்பின் வெளிப்பூச்சாக அது நின்று காக்க முடிவதும் அதனால்தான். ஆல்ஜினேட் அவ்வளவு கடினமில்லை. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை ஆல்ஜினேட்தான். அதை வெட்டும் நொதி பல கடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. இந்த ஆல்ஜினேட் வெட்டுவதைச் சுற்றித்தான் கெல்ப்பின் பாதுகாப்பே அமைந்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

பாக்டீரியா திருப்பிக் கொடுப்பது

முதலில் வைட்டமின். பி12 வைட்டமினை எந்தச் செடியும் விலங்கும் பாசியும் தயாரிப்பதில்லை. பாக்டீரியாக்களும் அவற்றை ஒத்த ஆர்க்கியாக்களும் மட்டுமே தயாரிக்கின்றன. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு 326 பாசி இனங்களை அலசியது. அவற்றில் 171 இனங்களுக்கு வெளியிலிருந்து பி12 கிடைத்தே ஆக வேண்டும். கடல்நீரில் கரைந்திருக்கும் பி12 மிகச் சொற்பம். அப்புறம் எங்கிருந்து கிடைக்கும்? மேலே ஒட்டியிருக்கும் பாக்டீரியாவிடமிருந்துதான். புல் கெல்ப்பின் மேல் இருக்கும் பாக்டீரியாக்களின் மரபணுக்களைப் படித்தபோதும் பி12 உள்ளிட்ட வைட்டமின்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் இருந்தன.

அடுத்து நைட்ரஜன். கடலில் கோடையில் நைட்ரேட் குறைந்துவிடும். கடல்நீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலம் போன்றவற்றைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியம் வெளிவருகிறது. அதைக் கெல்ப் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் இங்கே எல்லாமே உதவி என்று நினைத்துவிடக் கூடாது. அதே நைட்ரஜனுக்காகக் கெல்ப்போடு போட்டியிடும் பாக்டீரியாக்களும் அதே தோலில் இருக்கின்றன.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: உருவம். சில கடற்பாசிகள் பாக்டீரியா இல்லாவிட்டால் தங்கள் உருவத்தையே எடுப்பதில்லை. ஒரு மெல்லிய பச்சைப் பாசியை ஆய்வகத்தில் பாக்டீரியா இல்லாமல் வளர்த்தால் தாள் போல விரியாமல் உதிரிச் செல்களாகவே கிடந்தது. அதன் மேல் வழக்கமாக வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் தாலூசின் என்ற பொருளைச் சேர்த்ததும் தாளாக விரிந்தது. தாலூசினை 2005-ல் அடையாளம் கண்டார்கள். அது பச்சைப் பாசி. கெல்ப்புக்கு என்ன என்று கேட்கலாம். கெல்ப்பின் சிறிய உறவினரான எக்டோகார்பஸ் என்ற பழுப்பு இழைப்பாசியிலும் பாக்டீரியாவை அகற்றினால் வழக்கமான கிளைகள் இல்லாமல் உருண்டை உருண்டையாக வளர்கிறது. பொருத்தமான பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்தால் கிளை விடுகிறது. நன்னீரிலும் வாழக்கூடிய ஓர் எக்டோகார்பஸ் ரகம் ஆஸ்திரேலியாவின் ஹாப்கின்ஸ் ஆற்று அருவியிலிருந்து கிடைத்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து அதன் பாக்டீரியாக்களைக் குறைத்தபோது நன்னீரில் தாக்குப்பிடிக்கும் திறமையே போய்விட்டது. அந்தத் திறமை பாசியுடையது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள்.

இப்படிப் பார்த்தால், எது கெல்ப், எது அதன் மேல் வாழ்வது என்று கோடு போடுவது கஷ்டம். அதனால்தான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் சேர்த்து ஹோலோபயான்ட் என்று ஒரே அலகாகப் பேசுகிறார்கள். பவளப்பாறை ஆய்வில் முன்பே பழகிப்போன சொல் இது.

இன்னொரு உதவியும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்பரப்பில் இடம் நிரம்பியிருந்தால் புதிதாக வருபவர்களுக்கு இடமில்லை. சில கடல் பாக்டீரியாக்கள் மற்ற உயிர்களின் லார்வாக்களும் வித்துகளும் ஒட்டாமல் தடுக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. கெல்ப்பின் மேல் வலை போலப் படரும் பிரையோசோவன் என்ற சிறு விலங்குகள் அதிகமானால் பட்டை விறைத்துப்போய் அலையில் எளிதாக முறியும். அதனால் யார் முதலில் ஒட்டுகிறார்கள் என்பது முக்கியம்.

உடம்பே அபாயச் சங்கு ஊதும் விதம்

சரி, ஒரு பாக்டீரியா எல்லை மீறுகிறது என்று கெல்ப்புக்கு எப்படித் தெரியும்? கெல்ப்புக்கு நரம்பு இல்லை, ரத்தம் இல்லை. நம் உடலில் போலக் கிருமியைத் தேடித் திரியும் வெள்ளணுக்களும் இல்லை.

பிரான்ஸின் பிரிட்டானிக் கரையில் நிறைய வளரும் லாமினேரியா டிஜிடேட்டாவில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பாக்டீரியா கெல்ப்பின் செல்சுவரைத் தின்னத் தொடங்கினால் ஆல்ஜினேட் சங்கிலி துண்டு துண்டாகும். அந்தச் சின்னத் துண்டுகள்தான் கெல்ப்புக்குச் செய்தி. எதிரி யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. தன் சுவரின் சில்லு தனக்கு எதிரே மிதக்கிறது என்றால் யாரோ சுவரை உடைக்கிறார்கள் என்று அர்த்தம்.

சில நிமிடங்களிலேயே கெல்ப்பின் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே கொட்டுகின்றன. காயத்தைக் கழுவப் பயன்படுத்தும் அதே பொருள்தான். மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியா அதில் சாகும் அல்லது அடங்கும். ஆனால் அது கெல்ப்பின் சொந்தச் செல்களையும் பொசுக்கக்கூடியது. அதற்குத்தான் அயோடின். லாமினேரியா கடல்நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு அடர்த்தியில் அயோடினைச் சேர்த்து வைக்கிறது. 1811-ல் பெர்னார் கூர்த்துவா அயோடின் என்ற தனிமத்தையே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டுபிடித்தார். இத்தனை அயோடின் எதற்கு என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2008-ல் விடை கிடைத்தது: செல்களுக்கு வெளியே அயோடைடாக வெளியேறி, அதிகப்படி பெராக்சைடையும் ஓசோனையும் தணிக்கிறது. இந்த வேதிவினைகளில் உருவாகும் அயோடின், புரோமின் சேர்மங்கள் பாக்டீரியாக்களை அடக்கவும் செய்கின்றன; அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சமிக்ஞை மூலக்கூறுகளையும் சிதைக்கின்றன. பேச்சு அறுந்தால் பாக்டீரியாக்கள் கூட்டாகச் செயல்பட முடியாது.

இதில் ஒரு கூடுதல் செய்தியும் இருக்கிறது. தாக்கப்பட்ட கெல்ப்பின் அருகே இருந்த இன்னொரு கெல்ப்பும், நீர் வழியாக வந்த குறிப்பை வைத்தே, முன்கூட்டித் தயாராகிவிடுவதை 2011-ல் காட்டினார்கள்.

இந்தப் பாதுகாப்பு இலவசம் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்க, அயோடின் சேர்க்க, சேதத்தைச் சரிசெய்ய, எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். நலமாக, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் கெல்ப்பிடம் அது இருக்கும். வெப்பத்தில் வாடும் கெல்ப்பிடம் இருக்காது.

சமநிலை கெடும்போது

நோய் என்றால் ஒரு கிருமி வந்தது, தாக்கியது என்று நினைப்பது நம் பழக்கம். கெல்ப்பில் அப்படிப்பட்ட நோய்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஜப்பானின் ஹொக்கைடோவில் பண்ணைக்காக வளர்க்கும் நாற்றுகளில் சிவப்புப் புள்ளி நோய் வந்தது. சூடோஆல்டெரோமோனாஸ் பாக்டீரியோலிட்டிகா என்ற, சிவப்பு நிறமி சுரக்கும் பாக்டீரியாதான் காரணம் என்று 1998-ல் விவரித்தார்கள். நெருக்கமாக, ஒரே ரகமாக வளர்க்கும் பண்ணைகளில் இம்மாதிரி நோய் வேகமாகப் பரவும்.

ஆனால் இயற்கைக் காடுகளில் பெரும்பாலும் காண்பது வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் கரையெங்கும் வளரும் எக்லோனியா ரேடியேட்டா கெல்ப்பைக் கண்டம் முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளிகளில் எடுத்து ஒப்பிட்டார்கள். 2015-ல் வெளியான அந்த முடிவு இந்தத் துறைக்கே ஒரு திருப்பம். ஒரு கெல்ப்பின் மேல் எந்தப் பாக்டீரியாக் கூட்டம் இருக்கும் என்பதை அது எந்த ஊரில் வளர்ந்தது என்பது தீர்மானிக்கவில்லை. அது நலமாக இருக்கிறதா, வெளுத்தும் அழுக்குப் படர்ந்தும் வாடியிருக்கிறதா என்பதுதான் தீர்மானித்தது. எங்கோ தொலைவில் இருக்கும் இரண்டு நோயாளிக் கெல்ப்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பக்கத்தில் நின்ற நலமான கெல்ப் வேறுபட்டிருந்தது.

அப்படியானால் வாடியதால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியா மாறியதால் வாடியதா? இதே எக்லோனியாவைத் தொட்டிகளில் வைத்து, வருங்காலக் கடல் எப்படி இருக்கும் என்று கணித்த வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவில், வெப்பமும் அமிலமும் சேர்ந்த தொட்டிகளில் கெல்ப்பின் மேல் கொப்புளங்கள் கிளம்பின, ஒளிச்சேர்க்கை குறைந்தது, பாக்டீரியாக் கூட்டமும் மாறியது. கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. ஆனால் வெப்பம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பது தெரிகிறது: கெல்ப்பைப் பலவீனமாக்குகிறது, சில பாக்டீரியாக்களைச் சுறுசுறுப்பாக்குகிறது. சிட்னி அருகே வளரும் டெலிசியா என்ற சிவப்புப் பாசியிலும் இதே வடிவம்தான். நீர் சூடாகும் மாதங்களில் அதன் பாதுகாப்பு வேதிப்பொருள் குறையும்போதுதான் பாக்டீரியா புகுந்து பாசியை வெளுக்க வைக்கிறது.

இதை வைத்து முன்பு சொன்ன நுனிப்பகுதியை நினைத்துப் பாருங்கள். பழைய திசுவில், வளர்ச்சி நின்ற இடத்தில், ஆல்ஜினேட் தின்னும் பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. அங்கே அவை செய்வது துப்புரவு வேலை. கெல்ப் முழுவதுமே வளர்ச்சி நின்று வாடிவிட்டால் அவற்றுக்கு அடிப்பகுதியும் நுனிதான். பாக்டீரியா கெட்டதாக மாறவில்லை. அது எப்போதும் செய்வதையே செய்கிறது. அதைத் தடுத்துக்கொண்டிருந்த கெல்ப்தான் இப்போது தடுக்கவில்லை.

2011-ல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் வந்த வெப்ப அலையில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் காடு காணாமல் போனது. அங்கே முதல் காரணம் வெப்பம்தான், பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்படிக் காடுகள் விளிம்பில் நிற்கும்போது அவற்றின் தோலில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டிப் பார்க்க முடிந்தால், கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற, நிலத்துக்குள் நீளும் கடற்பகுதியின் தென்கோடியில், ஸ்குவாக்ஸின் தீவருகே சுருங்கிக்கொண்டே வரும் புல் கெல்ப் கூட்டம் ஒன்று இருக்கிறது. வெளிக்கடல் ஓரத்தில் செழிப்பாக இருக்கும் அதே இனத்தின் பாக்டீரியாக்களும் இங்கிருக்கும் பாக்டீரியாக்களும் கணிசமாக வேறுபட்டிருந்தன.

பாக்டீரியா கெல்ப்பைத் தொடாமலேயே கெல்ப்பை அழித்த கதை

இது கெல்ப்பின் மேல் வாழும் பாக்டீரியாவைப் பற்றியது இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2013-ல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கரைந்து கூழாகிச் சாகத் தொடங்கின. மிக மோசமாக அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திர மீன். 500 கோடிக்கும் மேல் செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அது கடல் முள்ளெலிகளைத் தின்னும் விலங்கு. அது இல்லாமல் போனதும் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப்பை மேய்ந்து தள்ளின. அதோடு கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, வடக்குக் கலிபோர்னியாவின் புல் கெல்ப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. நட்சத்திர மீன்களைக் கொன்றது எது என்பது பத்தாண்டுக்கு மேல் பிடிபடவில்லை. 2025-ல்தான் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று நிரூபித்தார்கள்.

இனி என்ன செய்யப் பார்க்கிறார்கள்

நல்ல பாக்டீரியாவைக் கொடுத்து நோயைத் தடுக்க முடியுமா என்று கேட்பது இயல்பு. டெலிசியாவில் அது நடந்திருக்கிறது. 2022-ல் வெளியான சோதனையில், அந்தப் பாசியிலேயே வாழும் ஃபியோபாக்டர் வகைப் பாக்டீரியா ஒன்றை முன்கூட்டிப் பூசியபோது வெளுப்பு நோய் தடுக்கப்பட்டது. கெல்ப்பிலும் இந்த வழியை நாற்றுப் பருவத்தில் முயல்வது நல்லது என்று நான் நினைக்கிறேன். பெரிய கெல்ப்புக்குக் கடலில் மருந்து பூச முடியாது. அலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் கெல்ப்பின் வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பருவம் இருக்கிறது. வித்திலிருந்து முளைப்பது நேராகக் கெல்ப் இல்லை. கேமீட்டோஃபைட் எனப்படும் நுண்ணிய ஆண், பெண் இழைகள். அவை இணைந்த பிறகுதான் நாம் அறிந்த கெல்ப் முளைக்கும். இந்த இழைகளைக் குளிர்ச்சியில், சிவப்பு விளக்கில் குடுவைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். அழிந்த காடுகளை மீட்கவும் பண்ணை நடத்தவும் இன்று உலகெங்கும் இப்படித்தான் விதை சேமிக்கிறார்கள். நார்வேயில் சிறு சரளைக் கற்களில் நாற்றை ஒட்ட வைத்து, அந்தக் கற்களைக் கடலில் கொட்டும் முறையும் வந்திருக்கிறது.

அந்தக் குடுவைகளில் கெல்ப் மட்டும் இல்லை, பாக்டீரியாவும் சேர்ந்தே வளர்கிறது. டயட்டம்களைக் கொல்ல ஜெர்மேனியம் டையாக்சைடு சேர்ப்பார்கள், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் அந்தச் சின்னக் கூட்டத்தை மாற்றுகிறது. கலிபோர்னியாவில் ராட்சதக் கெல்ப்பை வைத்துச் செய்த ஆய்வில், குடுவையில் இருந்த கேமீட்டோஃபைட்டின் பாக்டீரியாக் கூட்டத்துக்கும், அதன் வாரிசுகள் கடலில் எட்டிய எடைக்கும் தொடர்பு தெரிந்தது. அதனால் விதைக் குடுவையின் மேல் எந்தக் கடலின் எந்த ரகம் என்று எழுதி ஒட்டுவதோடு, உள்ளே எந்தப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன, என்னென்ன மருந்து கொடுத்தோம் என்பதையும் சேர்த்து எழுதி வைப்பதை இப்போதே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.